அரங்கை விட்டு அகன்ற புகை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

புதிதாக வருபவற்றை வரவேற்று விழா எடுப்பது மனித இயல்பு. ஊருக்கு மின்விளக்கு வந்த நாள், முதற் பேருந்து வந்த நாள், கைப்பேசி வந்த நாள் என்று வந்தவற்றுக்கெல்லாம் நாள் குறித்து வைத்திருக்கின்றோம். ஆனால் நம்மை விட்டுச் சென்றவற்றை யார் எண்ணிப் பார்க்கின்றார்கள்? பெரியம்மை சென்றது, அதற்கு விழா எடுத்த ஊரை நான் கண்டதில்லை. அவ்வாறே ஓசையின்றி நம்மிடம் விடைபெற்றுச் சென்ற ஒன்றைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன். அது திரையரங்கிற்குள் சூழ்ந்திருந்த புகை.

"திரையரங்கிற்குள் புகையா?" என்று என் வகுப்பு நண்பர்கள் வியக்கக்கூடும். நம் தலைமுறை குளிர்பதன அரங்கில் சோளப்பொரியோடு அமர்ந்து படம் பார்க்கும் தலைமுறை. ஆயின் நம் பேராசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பினால் சட்டை முழுதும் பீடி நாற்றம் வீசியதையும், வீட்டில் பொய் சொல்ல வழியின்றி மாட்டிக்கொண்டதையும் அவர்கள் சுவையாகச் சொல்வார்கள்.

எனக்கு இப்பொருளில் ஆர்வம் தோன்றக் காரணம் என் தந்தையார். அவர் 1986-ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கத்து ஊர்க் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் சேர்ந்தவர். பின்னர் ஆபரேட்டருக்கு உதவியாளராகி, அதன்பின் ஆபரேட்டராகவே உயர்ந்தவர். 2013-இல் கொட்டகை மூடப்படும் வரை அவருடைய மாலைப் பொழுதுகள் எல்லாம் அங்கேயே கழிந்தன. அவர் கூறியவற்றையும், நான் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்தே இதனை எழுதுகின்றேன்.

தீக்கு அஞ்சிய காலம்

திரையரங்கில் புகைபிடிக்கத் தடை வந்தது மக்களின் நுரையீரலைக் காக்கவே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகின்றது. முதலில் அஞ்சியது நோய்க்கு அன்று, நெருப்புக்கு.

வேதியியல் மாணவர்கள் இதனை எளிதிற் புரிந்துகொள்வர். பழங்காலப் படச்சுருள் செல்லுலாய்டினால் ஆனது. பருத்தி போன்ற செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் சேர்த்து நைட்ரோசெல்லுலோஸ் ஆக்கி, அதனுடன் சூடம் கலந்தால் கிடைப்பது செல்லுலாய்டு. ஆம், கோயிலில் ஆரத்தி காட்டும் அதே சூடந்தான்! நைட்ரேற்றம் இன்னும் கொஞ்சம் மிகுந்தால் அதே பொருள் வெடிபஞ்சு ஆகிவிடும். பீரங்கிக்குள் திணிக்கும் பொருளின் தம்பியைத்தான் அக்காலத்தில் படப்பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள் என்றால் மிகையாகாது.

இதன் தீக்கு ஒரு கொடிய குணம் உண்டு. சாதாரண நெருப்புக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அணைந்துவிடும். நைட்ரோசெல்லுலோசோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூற்றுக்குள்ளேயே வைத்திருக்கின்றது. எனவே பற்றிக்கொண்ட சுருளை நீருக்குள் அமிழ்த்தினாலும் அது தொடர்ந்து எரியும். மணலைக் கொட்டினாலும் எரியும். எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடு முதலிய நச்சு வாயுக்களையும் கக்கும். இத்தகைய பொருளின் அருகே ஒருவன் சிகரெட்டைப் பற்ற வைத்தால் என்னாகும்?

திரைப்படம் பிறந்து இரண்டாண்டு ஆகுமுன்பே உலகம் அதன் முதற் பாடத்தைக் கற்றது. 1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஓர் அறச்சந்தையில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். புரொஜெக்டரின் விளக்கில் ஈதர் தீர்ந்துவிட்டது. மீண்டும் ஊற்றும் வேளையில் யாரோ தீக்குச்சியை உரச, மரத்தாலும் துணியாலும் ஆன அக்கூடம் சில நிமிடங்களில் சாம்பலாயிற்று. நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இங்கிலாந்து 1909-இல் சினிமாட்டோகிராப் சட்டம் இயற்றியது. அது 1910 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. புரொஜெக்டரைத் தீப்பிடிக்காத தனிக் கூண்டிற்குள் வைக்க வேண்டும். அக்கூண்டிற்குள் எவரும் புகைபிடித்தல் ஆகாது என்று விதி செய்தார்கள். கவனிக்க வேண்டும் நண்பர்களே! தடை கூண்டிற்கு மட்டுமே, இருக்கைகளுக்கு அன்று. கூண்டிற்கு வெளியே அமர்ந்திருந்தோர் விருப்பம்போல் ஊதித் தள்ளினார்கள். சட்டம் சுருளைக் காத்ததே தவிர, மனிதனைக் காக்கவில்லை.

1927 சனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் லோரியே பேலஸ் என்னும் அரங்கில் குழந்தைகள் நிறைந்திருந்தார்கள். மரத்தளத்தின் அடியில் தீப்பற்றியது. யாரோ எறிந்த சிகரெட் துண்டாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. மாண்ட குழந்தைகள் 78 பேர். அவர்களுள் தீயிற் கருகியோர் மிகச் சிலரே. மாடிப்படிக்கட்டின் நெரிசலில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மூச்சுத் திணறி மாண்டோரே பெரும்பாலோர். எழுபதாண்டு கழித்து, 1997 சூன் 13-ஆம் நாள் டெல்லி உபகார் திரையரங்கில் மின்மாற்றி தீப்பிடித்து 59 பேர் மாண்டபோதும் நடந்தது இதுவே. அங்கும் உயிர் குடித்தது பெரும்பாலும் சுடர் அன்று, புகை. நெருப்பைவிடப் புகையே கொடிது என்பதை அடைத்த அரங்குகள் திரும்பத் திரும்ப நமக்குச் சொல்லியிருக்கின்றன.

1948-இல் கோடாக் நிறுவனம் எளிதில் தீப்பற்றாத செல்லுலோஸ் டிரை-அசெட்டேட் சுருளைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் நைட்ரேட் சுருளின் உற்பத்தி நின்றது. ஆனால் அதற்குள் போனவை போனவைதாம். நைட்ரேட் சுருள் தீக்கு மட்டும் இரையாவதில்லை. வெறுமனே வைத்திருந்தாலும் நாளடைவில் சிதைந்து பொடியாகும். முதல் தமிழ்ப் பேசும் படமான, 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் சுருள் இன்று நம்மிடம் இல்லை.

கீற்றுக் கொட்டகையும் எச்சரிக்கைச் சிலைடும்

நம் நாட்டுப் பக்கம் வருவோம். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படக்கருவி வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கூடாரத்திற் படம் காட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த டூரிங் டாக்கீசுகள் தமிழகத்துச் சிற்றூர்களின் கலைக்கோயில்கள் ஆயின. மேலே கீற்று, கீழே மணல், நடுவே மூங்கில் தட்டி; தட்டிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஒரு தீப்பொறி போதும் அத்தனையும் பற்றிக்கொள்ள. 1979-இல் தூத்துக்குடியில் ஒரு திரையரங்கில் நேர்ந்த தீயைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுவார்கள். படம் பார்க்கப் போய்த் திரும்பாதவர்கள் பலர்.

எனவே படம் தொடங்குமுன் 'புகை பிடிக்காதீர்' என்றொரு சிலைடு காட்டப்படும். சுவரிலும் அதே வாசகம் சிவப்பு மையில் எழுதியிருக்கும். அண்டை மாநிலமான மைசூர் 1963-ஆம் ஆண்டிலேயே காட்சிக் கூடங்களிலும் பொதுமன்றங்களிலும் புகைபிடிப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியிருந்தது. ஆனால் நடைமுறை என்ன? என் தந்தையார் சொல்வது இது: "சிலைடு போடும்போதுதான்ப்பா முதல் பீடியப் பத்த வைப்பான். அந்தச் சிலைடு முடிஞ்சா படம் ஆரம்பம்னு அர்த்தம்."

எச்சரிக்கையே அழைப்பு மணியாக மாறிய விந்தை இது! விளக்கணைந்ததும் தரை டிக்கெட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கங்குகள் மினுக்கும். சண்டைக் காட்சியில் கங்குகள் விரைவாகச் சிவக்குமாம். சோகக் காட்சியில் மெதுவாகச் சிவக்குமாம். திரையைப் பார்க்காமலே, கங்குகளை மட்டும் பார்த்துப் படம் எந்த இடத்தில் ஓடுகின்றது என்று தம்மால் சொல்ல முடியும் என்பார்.

டிக்கெட் கிழித்த காலத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே சென்று, "அண்ணாச்சி, கொஞ்சம் அணைச்சிருங்க" என்று கெஞ்சுவதும் அவருடைய பணியாக இருந்தது. பதினைந்து வயதுச் சிறுவன் சொல்லி யார் கேட்பார்? "ஏலே, வெளிச்சத்த அங்கிட்டுத் திருப்புலே, படம் தெரியல" என்ற அதட்டலே விடையாகக் கிடைக்கும். முதலாளியோ, "அவன் காசு குடுத்து வந்தவன், ரொம்ப விரட்டாதே" என்பார். சட்டம் சுவரில் இருந்தது. அதனைச் சொல்ல வேண்டியவன் வயிறு சம்பளத்தில் இருந்தது.

ஒளித்தூண்

இங்கே ஓர் அறிவியல் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய கொட்டகையைப் பற்றிப் பேசும் எவரும் மறவாமல் சொல்வது, ஆபரேட்டர் அறையின் துளையிலிருந்து புறப்பட்டுத் திரை வரை நீளும் அந்த ஒளித்தூண். நீலமும் வெண்மையுமாய், உள்ளே ஏதோ சுருண்டு சுருண்டு நெளிய, தலைக்கு மேலே மிதந்து செல்லும் அந்த ஒளியைத் திரையைவிட அதிகமாகப் பார்த்தவர்களும் உண்டு.

ஒளி தன்னைத் தானே காட்டிக்கொள்வதில்லை. தூய காற்றில் பக்கவாட்டில் நின்று பார்ப்பவனுக்கு ஒளிக்கற்றை தெரியாது. காற்றில் நுண்துகள்கள் மிதந்தாற்றான் அவற்றில் பட்டுச் சிதறி நம் கண்ணை அடையும். டிண்டால் விளைவு என்று முதலாண்டிலேயே படித்தோம் அல்லவா? கங்கின் நுனியிலிருந்து நேரே எழும் புகையின் துகள்கள் மிகச் சிறியவை. அவை நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் புகை நீலமாய்த் தோன்றும். நுரையீரலுக்குட் சென்று ஈரத்தோடு வெளிவரும் புகையின் துகள்கள் பருத்தவை. அது வெண்மையாய்த் தோன்றும். ஆகவே அந்த ஒளித்தூணில் நீலமாய்த் தெரிந்தது யாரும் இழுக்காத புகை. வெண்மையாய்த் தெரிந்தது யாரோ ஒருவர் இழுத்து விட்ட மூச்சு. கொட்டகையின் அழகென்று மக்கள் கண்டு களித்தது, உண்மையில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கொண்டிருந்த நஞ்சின் உருவம்.

என் தந்தையார் இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "டிண்டால் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தத் துளைக் கண்ணாடிய நான் வாரம் ரெண்டு தடவை துடைப்பேன். துணி டீ கலருக்கு மாறிரும்" என்றார். கண்ணாடியிற் படிந்த அந்தத் தேயிலை நிறத்திற்கு வேதியியல் நூலில் 'தார்' என்று பெயர். கண்ணாடியைத் துணியால் துடைத்தார். நெஞ்சை எதனால் துடைப்பது?

பிறர் விட்ட மூச்சு

புகைப்பவனுக்குக் கேடு என்பதை அறிவியல் உலகம் முதலில் உறுதி செய்தது. 1950-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு ஹில்லும் நுரையீரற் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை நிறுவினர். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதனையே உலகறியச் சொன்னது. ஆயினும், "என் உடம்பு, என் காசு, உனக்கென்ன?" என்று கேட்பவனுக்கு விடை சொல்ல அது போதவில்லை.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. தகேஷி ஹிரயாமா என்னும் ஆராய்ச்சியாளர் 91,540 பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 1981-இல் தம் முடிவை வெளியிட்டார். அப்பெண்கள் எவரும் புகைபிடிப்பவர் அல்லர். ஆனால் அவர்களுள் மிகுதியாகப் புகைபிடிக்கும் கணவரைக் கொண்ட மனைவியர்க்கு நுரையீரற் புற்றுநோய் அதிகமாக வந்தது. புகையிலை நிறுவனங்கள் இம்முடிவைக் கடுமையாக எதிர்த்தன. எனினும் பின்வந்த ஆய்வுகள் ஹிரயாமாவின் பக்கமே நின்றன. 1986-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் அறிக்கை, பிறர் புகையைச் சுவாசிப்பதும் நோய்க்குக் காரணமே என்று முடிவு கூறியது.

இழுக்கும்போது நுனி நன்கு எரிகின்றது. இழுக்காதபோது குறைந்த வெப்பத்தில் அரைகுறையாகக் கனிகின்றது. அரைகுறை எரிதலில் கார்பன் மோனாக்சைடு மிகும் என்பது நாம் அறிந்ததே. அவ்வாயு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலாக நம் குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இதில் வடிகட்டியின் தயவு அருகில் இருப்பவனுக்குக் கிடையாது. காசு கொடுத்தவன் இழுப்பது வடிகட்டிய புகை. காசு கொடாதவன் சுவாசிப்பது வடிகட்டாத புகை. பீடியிலோ இருவருக்குமே வடிகட்டி இல்லை.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் 1975-இல் வந்த சிகரெட்டுச் சட்டம் பெட்டியின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிடச் சொன்னதோடு நின்றது. ரயில்வேச் சட்டமோ, உடன் பயணி மறுத்தால் அப்பெட்டியிற் புகைபிடிக்கலாகாது என்றது. அதாவது, எதிர்க்கும் பொறுப்பு புகையைச் சகிப்பவன் தலையில்! வாயில்லாதவனுக்கும் கூச்சமுடையவனுக்கும் இச்சட்டத்தால் பயன் என்ன?

1996-இல் டெல்லி மாநிலம் பொது இடங்களிற் புகைபிடிப்பதைத் தடுக்கவும் புகைபிடிக்காதோர் உடல்நலத்தைக் காக்கவும் சட்டம் இயற்றியது. 1999 சூலை 12-இல் கேரள உயர்நீதிமன்றம் ஓர் அரிய தீர்ப்பு வழங்கியது. பொது இடத்திற் புகைப்பது, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதி கூறும் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றது. மூச்சு விடுதலும் உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்னும் இவ்வுண்மை எத்துணை எளியது! இதனைச் சொல்ல நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

2001 நவம்பர் 2-ஆம் நாள், முரளி தேவரா தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. அரங்குகள், மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், பொது அலுவலகங்கள், பொதுப் போக்குவரத்து ஊர்திகள் ஆகியவற்றிற் புகைபிடித்தல் ஆகாது என்பது அவ்வாணை. தமிழ்நாட்டிலும் 2002-இல் புகைபிடித்தலையும் துப்புதலையும் தடை செய்யும் சட்டம் உருவாயிற்று. பின்னர் 2003-இல் நாடாளுமன்றம் விரிவான புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்ற, பொது இடத் தடை 2004 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று திருத்திய விதிகள் வந்தன. மீறினால் இருநூறு ரூபாய் வரை அபராதம். வாயிலில் அறுபது சென்டிமீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள அறிவிப்புப் பலகை. முப்பது அறைகளுக்குக் குறையாத விடுதிக்கும், முப்பது இருக்கைகளுக்குக் குறையாத உணவகத்துக்கும், விமான நிலையத்துக்கும் தனிப் புகையறை வைத்துக்கொள்ளச் சலுகை உண்டு. திரையரங்கிற்கு அச்சலுகை இல்லை.

ஒன்றைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். 1909-இலேயே படக்கூண்டிற்கு விதி செய்த இங்கிலாந்து, பார்வையாளர் இருக்கை உட்பட எல்லா மூடிய பொது இடங்களுக்கும் தடை விதித்தது 2007 சூலை முதல் நாளில்தான். நம் உச்சநீதிமன்றத்தின் ஆணை அதற்கு ஆறு ஆண்டு முந்தியது.

அரங்கத்துப் புகை அகன்றபின் அரசின் பார்வை திரைக்குள் இருந்த புகையின்மேற் சென்றது. அன்புமணி இராமதாசு மத்திய நலவாழ்வு அமைச்சராக இருந்த 2005-இல் திரைப்படங்களில் புகைபிடிக்கும் காட்சிகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. படைப்புரிமைக்கு இழுக்கு என்று திரையுலகத்தார் வழக்காட, 2009 சனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. பின்னர் வந்த விதிகளின்படி, 2012 அக்டோபர் முதல், அத்தகைய காட்சியுள்ள படங்களின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் எச்சரிக்கைப் படங்கள் காட்டப்படுகின்றன. காட்சியின்போது திரையின் அடியில் எச்சரிக்கை வாசகமும் ஓடுகின்றது. அவற்றைக் கண்டு கேலி செய்து சிரிக்கும் நண்பர்களை நான் அறிவேன். சிலைடைக் கண்டு பீடி பற்ற வைத்த பழந்தலைமுறைக்கு நாம் இவ்வகையில் இளைத்தவர்கள் அல்லர்!

"பலகை வச்சதும் நின்னு போச்சா அப்பா?" என்று கேட்டேன். "பலகையாலே நிக்கல. ஒரு நாள் பொம்பளையாளு ஒருத்தி கைக்குழந்தையோட எந்திரிச்சு, பலகையக் காட்டிச் சத்தம் போட்டா. பீடி குடிச்சவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போனான். அன்னைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு" என்றார். இருபதாண்டு டார்ச்சடித்துக் கெஞ்சிய மனிதருக்குக் கிடைக்காத மரியாதை அந்தத் தாய்க்குக் கிடைத்தது. அவளுக்குப் பின்னால் சட்டம் நின்றது. சட்டத்தின் பயன் அபராதத்தில் இல்லை. வாய் திறக்க அஞ்சியவனுக்கு வாய் கொடுப்பதில் இருக்கின்றது என்று அன்று உணர்ந்தேன்.

எங்கள் வீட்டுச் சுளவு

இவ்வளவும் எழுதிய பின் எங்கள் வீட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பாதி உண்மையே ஆகும்.

என் தாயார் பீடி சுற்றுகின்றார். எங்கள் தெருவில் சுளவு இல்லாத வீடு குறைவு. ஊறவைத்த இலையைத் தகட்டளவிற்குக் கத்தரித்து, மடியில் வைத்த சுளவில் தூளைப் பரப்பி, ஓர் இலையில் ஒரு சிட்டிகை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூலால் கட்டும் அந்தக் கைகள், பேசும்போதும் நிற்பதில்லை, அழும்போதும் நிற்பதில்லை. நாளொன்றுக்கு எழுநூறு, எண்ணூறு. வாரக் கடைசியில் கடைக்குக் கொண்டுபோனால் சிலவற்றைக் கழிவென்று ஒதுக்கிவிட்டு மீதிக்குக் கூலி. கொட்டகை மூடியபின் எங்கள் அடுப்பு எரிந்தது அக்கூலியால். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென மைய அரசு வழங்கும் கல்வி உதவித்தொகையால் என் பள்ளிப் படிப்பு நடந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்த படிக்கட்டின் ஒவ்வொரு கல்லும் ஒரு பீடிக்கட்டு.

சென்ற ஆண்டு தந்தையாருக்கு இருமல் முற்றி இரவெல்லாம் மூச்சுத் திணறவே, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்க?" என்றார். "ஒரு நாளும் குடிச்சதில்ல ஐயா" என்றார் தந்தையார். மருத்துவர் நம்பவில்லை. வேலை என்னவென்று கேட்டார். கொட்டகை, ஆபரேட்டர் அறை, கார்பன் குச்சி எரிந்த புகை, தரை டிக்கெட்டின் புகை எல்லாவற்றையும் தந்தையார் சொன்னார். மருத்துவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "எதுல எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க குடிக்கலன்னாலும் உங்க நெஞ்சு குடிச்சிருக்கு" என்றார்.

அன்றிரவு என் தாயார் சுளவை எடுக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எய்யா, நாங்க சுத்துன பீடியத்தானே அவனுக கொட்டகையில வந்து குடிச்சானுவ?" என்று கேட்டார். நான் என்ன விடை சொல்வேன்? ஹிரயாமாவின் ஆய்வில் இதற்கு விடை இல்லை. உச்சநீதிமன்றத்தின் ஆணையிலும் இல்லை. தந்தையார்தான் சொன்னார்: "நீ சுத்தலன்னா அவன் குடிக்க மாட்டானாக்கும்? பேசாம படு." மறுநாட் காலை சுளவு மீண்டும் மடிக்கு வந்தது. என் மூன்றாம் பருவக் கட்டணத்திற்கு நாள் நெருங்கியிருந்தது.

முடிவாக

பீடியையும் சிகரெட்டையும் விலக்குக என்று மேடையில் முழங்குவது எளிது. 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 7.7 பேர் பீடி பிடிக்கின்றனர். சிகரெட் பிடிப்போர் நூற்றுக்கு 4 பேர். ஏழையின் புகை பீடி. அதைச் சுற்றுபவளும் ஏழை. பிடிப்பவன் இருமுகின்றான், சுற்றுபவள் புகையிலைத் தூளைச் சுவாசித்து அவளும் இருமுகின்றாள். இடையில் நின்று விற்பவன் இருமியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதனால், தடை தவறு என்று நான் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. அடைத்த அரங்கின் காற்று எல்லோருக்கும் பொது. அதனைத் தனக்கென எடுத்துக்கொள்ள ஒருவனுக்கும் உரிமை இல்லை. இத்தடை முப்பது ஆண்டு முன்பே முறையாக நடந்திருந்தால் என் தந்தையார் இன்று மாடி ஏற நின்று நின்று மூச்சு வாங்க மாட்டார். தடையால் எங்கள் வீட்டு வருமானம் குறைந்தாலும் குறையட்டும். அது நியாயமே என்று என் தாயாரே சொல்வார். ஆனால், புகையை அரங்கை விட்டு அகற்றியவர்கள் சுளவை எங்கள் வீடுகளை விட்டு அகற்றவும் வழி சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை உண்டல்லவா? பலகை மாட்டினால் புகை நிற்கலாம். சுளவு நிற்க வேண்டுமானால் அந்தக் கைகளுக்கு வேறு தொழில் வேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்குப் படிப்பும், படித்தபின் வேலையும் வேண்டும்.

நம் கல்லூரி போன்ற கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு கெஜத் தொலைவிற்குள் புகையிலைப் பொருள் விற்றல் ஆகாது என்பது சட்டம். நூற்றோராவது கெஜத்திற்கு நடந்து செல்லும் நண்பர்கள் சிலர் நம்முள் உண்டு. அவர்களை நான் குறை கூறவில்லை; ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கின்றேன். அடுத்த முறை ஒரு பீடியையோ சிகரெட்டையோ கையில் எடுக்கும்போது, அதற்கு முன்னே அதைத் தொட்ட கைகளையும், அதற்குப் பின்னே அதன் புகையைச் சுவாசிக்கப்போகும் நெஞ்சங்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. பட்டம் பெற்று ஒரு வேலையில் அமர்ந்தபின், என் முதற் சம்பளத்தில் தாயையும் தந்தையையும் ஒரு நல்ல அரங்கிற்குப் படம் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும். இருபத்தேழு ஆண்டு பிறருக்குப் படம் காட்டியவர் நாற்காலியில் அமர்ந்து முழுப் படம் பார்த்தது மிகக் குறைவு. தாயாரோ படம் பார்த்தே பல்லாண்டு ஆயிற்று. அந்த அரங்கில் ஒளித்தூண் தெரியாது. காற்று அவ்வளவு தூய்மையாக இருக்கும்.